பதாகையில் இருப்பது என் தாத்தா இல்லை

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக் குழுவினருக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் பஸ் நிலையத்துக்கு எதிரே நீங்கள் கட்டியிருக்கும் பதாகையை ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். கையில் இயந்திரத் துப்பாக்கி, மார்பு நிறையப் பதக்கம், பின்னால் எரிகிற காடு. முகம் மட்டும் என் தாத்தாவுடையது. கீழே, 'ஜப்பான்காரனை விரட்டி விக்டோரியா சிலுவை வென்ற நம் தோட்டத்து ராணுவ வீரர்'. விக்டோரியா சிலுவை என்பது போர்க்கள வீரத்துக்கு பிரிட்டன் தரும் மிக உயர்ந்த பதக்கம். அன்பினால் செய்தது, தெரியும். ஆனாலும் அதை இறக்கிவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

1941-42 மலாயாப் போரில் தரைப்படையில் அந்தச் சிலுவையைப் பெற்றவர்கள் இருவர்: குவாந்தானில் கம்மிங், மூவாரில் ஆண்டர்சன். இருவருமே வெள்ளைக்கார அதிகாரிகள். தாத்தா அப்போது பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். 1937-இல் ரஜுலா கப்பலில் வந்து பினாங்கில் இறங்கியவர். கங்காணி சொன்ன மலாயா வேறு, தான் பார்த்த மலாயா வேறு என்று சிரிப்பார். ஜப்பான்காரன் காலத்தில் அவர் யாரையும் விரட்டவில்லை; அவரைத்தான் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ஏற்றிப்போனார்கள், 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட. கூடப் போன அண்ணன் திரும்பி வரவில்லை.

பதக்கக் கதை அதற்குப் பிறகு. 1948 ஜூன் 16-ஆம் தேதி இதே வட்டாரத்தில், எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைக் கம்யூனிஸ்ட்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அவசரகாலம் வந்தது. தோட்டக் காவலுக்கு ஸ்பெசல் கான்ஸ்டபிள் எடுத்தார்கள். தாத்தா சேர்ந்தது சம்பளத்துக்காக. அது ராணுவமும் இல்லை, போலீஸ்.

அந்த வேலையில் பெரும்பகுதி கம்பிவேலி வாசலில் நிற்பதுதான். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, வெட்டுக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பாட்டியுடையதையும் ஒருநாள் திறந்தார். மூன்று நாள் பாட்டி முகம் கொடுத்துப் பேசவில்லை. (இதையெல்லாம் எந்தப் பதாகையில் வரைவது!)

ஒரு விடியற்காலையில் ஆள் ஏற்றிப்போன லாரியை மறித்துச் சுட்டார்கள். ஓட்டிய மலாய்க்காரருக்குத் தொடையில் குண்டு. தாத்தா சக்கரத்துக்குப் பின்னால் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவரையும் இரண்டு பெண்களையும் கால்வாய் வழியே இழுத்து வந்து சேர்த்தார். அதற்குக் கிடைத்ததுதான் காலனி போலீஸ் பதக்கம். வீரத்துக்கானது என்பதற்கு நாடாவில் மெல்லிய சிவப்புக் கோடு உண்டு. அதை அவர் குத்தி நான் பார்த்ததில்லை. எதிரில் சுட்டவர்களில் ஒருவன் கள்ளுக்கடையில் தன் பக்கத்தில் உட்கார்ந்து சங்கம் பேசியவன் என்று ஒரே ஒருமுறை சொன்னார். தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்ட செய்தி வந்த அன்று, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் லயத்து வீட்டுப் படியிலேயே உட்கார்ந்திருந்தாராம். பாட்டி சொல்லும்.

உங்கள் பதாகை எங்கே வந்து நிற்க வேண்டும் என்றால், 1969-இல். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் அப்போது தோட்டத்துக்குள் வந்தது. தாத்தாவிடம் இருந்தது சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவருக்கான அடையாள அட்டை. பதக்கத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். அங்கே யாரும் அதை அவிழ்த்துப் பார்க்கவில்லை. பக்கத்து லயத்துக் குடும்பங்கள் பெட்டி கட்டி ஊருக்குக் கப்பலேறின. தாத்தா பெர்மிட் வாங்கிக்கொண்டு, தான் காவல் காத்த அதே தோட்டத்தில் மரம் வெட்டினார். சாகும்வரை குடிமக்களுக்கான நீல ஐசி வரவில்லை.

பதக்கமும் அந்தச் சிவப்பு ஐசியும் எங்கள் வீட்டில் ஒரே பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டி வைக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் டின்னோடு கொண்டுவந்து தருகிறேன். பதக்கத்தை வைத்துக்கொண்டு ஐசியைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தோட்டத்துப் பேத்தி