டப்பா வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கோபிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அப்பா நலம். மளிகைச் சாமான் போட்டுவைக்க என்று நீ போனில் காட்டினாயே, ஒரே மாதிரி 24 டப்பா, அதை இன்னும் ஆர்டர் போடவில்லை என்றால் கொஞ்சம் பொறு. போனில் சொன்னால் வேலைக்கு நடுவே பாதிதான் உன் காதில் விழும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் வீட்டில் இருந்த பத்து நாளும் அந்த மளிகை அலமாரி என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ரவை மட்டும் நான்கு பாக்கெட். நான்கும் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டது. பின்னால் கிடந்த பாக்கெட்டில் ரவை நூல் நூலாகக் கோத்துக் கட்டிப்போயிருந்தது. அந்துப்பூச்சியின் புழு செய்த வேலை. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. பின்வரிசை கண்ணுக்குத் தெரியாததால் தீர்ந்துவிட்டதென்று மறுபடி வாங்கியிருக்கிறாய். இடம் போதவில்லை என்கிறாய். எனக்குச் சாமான்தான் அதிகம் என்று பட்டது.

நானும் இப்படித்தான் இருந்தேன். தனிக்குடித்தனம் வந்த புதிதில், 1989-ல், விலை மலிவாகக் கிடைக்கிறதென்று பாசிப்பயறு பத்து கிலோ வாங்கித் தகர டின்னில் கொட்டி இறுக மூடி வைத்தேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் பயறெல்லாம் ஓட்டை, டின் முழுக்க வண்டு. அன்று அழுதேவிட்டேன். என் அம்மா, அதாவது உன் அம்மிச்சி, வந்து ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "வண்டு வெளியில இருந்து வரல சாமி, பயறோடவே வந்திருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. பயறு வண்டு காட்டில் காய் முற்றும்போதே முட்டை வைத்துவிடும். அரிசி வண்டு அரிசியைத் துளைத்து உள்ளேயே முட்டை வைக்கும். மூடி எவ்வளவு நன்றாக இருந்தாலும், உள்ளே இருக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது. அம்மிச்சி பாசிப்பயறை வெயிலில் காயவைத்து, உடைத்துப் பருப்பாக்கித்தான் வைப்பார்; உடைத்த பருப்பில் வண்டு அவ்வளவாகப் பிடிக்காது. துவரைக்குச் செம்மண் கட்டுவார், அதாவது செம்மண்ணைக் கரைத்துப் பூசிக் காயவைப்பார். அடுக்குமாடி வீட்டில் அதெல்லாம் நடக்காது. நீங்கள் இரண்டே பேர், ஒரு மாதத்தில் தீர்கிற அளவு மட்டும் வாங்கினால் போதும். ரவை, கடலை மாவு வாங்கி வந்ததும் பிரிக்காமல் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடு, முட்டை இருந்தாலும் செத்துப்போகும். ஆனால் வெளியே எடுத்தவுடன் பிரித்துவிடாதே. பாக்கெட் குளிர்ச்சி விட்ட பிறகு பிரி, இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும். அப்புறம் ரவையை வெறும் வாணலியில் லேசாக வறுத்து, ஆறவிட்டு, டப்பாவில் போடு.

சரி, அலமாரிக்கு வருகிறேன். ஒரு விடுமுறை நாளில் எல்லாவற்றையும் இறக்கித் தரையில் பரப்பு. ஒரு தட்டை மட்டும் இன்றைக்கு, மற்றதை அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்ளாதே. ஒரு தட்டில் இருக்கும் பூச்சி இன்னொரு தட்டுக்குப் போய்விடும். மேல் தட்டை மாப்பிள்ளை துடைக்கட்டும், அவருக்குத்தான் எட்டும். துடைத்த பிறகு ஃபேனைப் போட்டு நன்றாகக் காயவிடு. திருவான்மியூரில் கடல் காற்று, ஈரம் லேசில் போகாது. மாவையும் பருப்பையும் முகர்ந்து பார். காறல் வாடை அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடு. டப்பாவில் பழையது இருக்க, அதன் மேலேயே புதியதைக் கொட்டும் பழக்கம் உனக்கு இருக்கிறது. அதை மட்டும் விட்டுவிடு. அடியில் தங்கும் பழைய மாவிலிருந்துதான் பூச்சி புதியதில் ஏறும். காலியானதும் கழுவி, பால்கனி வெயிலில் காயவைத்து, பிறகு நிரப்பு.

அடுக்கும்போது அரிசி ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் என்று கடைக்காரர் மாதிரி பிரிக்க வேண்டாம். காலையில் அவசரத்தில் கை எதைத் தேடுமோ அதன்படி வை. இட்லி அரிசி, உளுந்து, வெந்தயம் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் ஊறப்போட ஒரு தடவை திறந்தால் போதும். துவரம் பருப்பும் சாம்பார் பொடியும் பக்கத்தில் பக்கத்தில். ரவை, சேமியா, அவல் கண் மட்டத்தில், ஒற்றை வரிசையாக. ஒன்றின் பின்னால் ஒன்று வைக்கவே கூடாது என்பது என் எண்ணம்; நான் இருபது வருஷமாக அப்படித்தான் வைக்கிறேன்.

எண்ணெய் கேனையும் மிளகாய்த்தூளையும் அடுப்புக்கு நேர் மேலே வைத்திருக்கிறாய். அந்தச் சூட்டில் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஆவி பட்டுத் தூள் கட்டிப்போகும். அடுப்பு மேடையில் அஞ்சறைப் பெட்டியும் ஒரு வாரத்துக்கான எண்ணெய்த் தூக்கும் போதும். மற்றது இருட்டான கீழ்த்தட்டுக்குப் போகட்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கவரில் முடிந்து வைக்காதே. தனித்தனிக் கூடை, காற்றாட.

தீரப்போவதை எழுத அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டு. கால் டப்பா இருக்கும்போதே எழுதிவிட வேண்டும், யார் பார்த்தாலும். அந்தத் தாளைப் பார்க்காமல் மளிகைக் கடைக்குப் போகாதே.

ஒரு மாதம் இப்படி ஓட்டிப் பார். எத்தனை டப்பா வேண்டும், எது அரைக் கிலோ, எது இரண்டு கிலோ என்று அலமாரியே உனக்குச் சொல்லிவிடும். சதுரமாக, உள்ளே இருப்பது தெரிவதாக வாங்கு. வட்ட டப்பா இடுக்கில் இடத்தை வீணடிக்கும்.

கல்லுப்பை எவர்சில்வர் டப்பாவில் போட்டிருந்தாயே, உள்ளே புள்ளி புள்ளியாக அரித்திருப்பதைக் கவனித்தாயா? அப்பா அடுத்த மாதம் சென்னை வரும்போது அம்மிச்சியின் பீங்கான் ஜாடிகள் இரண்டையும் கொடுத்து அனுப்புகிறேன். சின்னது உப்புக்கு. பெரியதில் இந்த வருஷத்துப் புளியைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, உருட்டி வைத்திருக்கிறேன். அதன் மூடி ஓரத்தில் உடைந்திருக்கிறது, வெள்ளைத் துணி கட்டி அதன் மேல் மூடு. கீழ்த்தட்டில் இரண்டுக்கும் இடம் விட்டு வை.

அன்புடன்,
அம்மா