ஷோ உலைகளை நிறுத்துவது ஆற்று நீர்

ஆசிரியருக்கு வணக்கம்.

அணுமின் நிலையச் செய்திகளில் இடுப்பு ஒடுங்கிய பெரிய கோபுரத்தின் படத்தைப் போட்டு, ‘அணு உலை கக்கும் புகை’ என்று கீழே எழுதிவிடுகிறார்கள். அது உலையும் அல்ல, புகையும் அல்ல. பிரான்சில், மூன்று பக்கமும் பெல்ஜியம் சூழ்ந்த ஜிவே முனையில், மியூஸ் ஆற்று வளைவில் உள்ள ஷோ என்ற சிற்றூரைப் பார்த்தால் விஷயம் விளங்கும். (பிரெஞ்சில் ஊர்ப்பெயரின் கடைசியில் ஓர் இசட் உண்டு, வாயில் வராது.)

அங்குள்ள இரண்டு உலைகளும் தலா 1,500 மெகாவாட் மின்சாரம் தருபவை. ஆனால் ஒவ்வொன்றிலும் பிறக்கும் வெப்பம் 4,270 மெகாவாட். உலைக்குள் ஓடும் நீர் 155 பார் அழுத்தத்தில் மூடிய சுற்றிலேயே இருக்கிறது. அதன் வெப்பத்தை வாங்கி ஆவியாகும் நீர் இரண்டாவது சுற்று. டர்பைனைச் சுழற்றிய பின் அந்த ஆவியைக் குளிர்விப்பது மூன்றாவது. கோபுரத்துக்குள் தூறலாக விழுவது இந்த மூன்றாவது நீர்தான். மேலே வெள்ளையாகத் தெரிவது அதிலிருந்து எழுந்து குளிர்ந்த நுண்துளிகள்.

எவ்வளவு நீர் போகிறது? கழிவு வெப்பம் சுமார் 2,770 மெகாவாட். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வேண்டும். வெப்பம் முழுவதும் அப்படியே போனால் விநாடிக்கு 1,150 லிட்டர். ஒரு பங்கைக் காற்றே வாங்கிக்கொள்வதால், ஓர் உலைக்கு விநாடிக்கு ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு எனலாம்.

மழைக்கால மியூஸுக்கு இது பொருட்டே அல்ல. கோடை முடிவில் ஆறு விநாடிக்கு 20 கன மீட்டராக இளைத்தால், இரண்டு உலைகளும் சேர்ந்து கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கைக் குடித்துவிடும். அது ஆற்றுக்குத் திரும்பாது. கீழே பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸும் ஆண்ட்வெர்ப்பும் குடிநீருக்கு இதே ஆற்றை நம்பியிருக்கின்றன. அதனால்தான், நீரோட்டம் அந்த அளவை நெருங்கினால் உற்பத்தியைக் குறைக்கவும் நிறுத்தவும் இரு நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் இரண்டு உலைகளும் நின்றது இதனால்தான்.

இதை ரோன் ஆற்றங்கரையில் கோபுரம் இல்லாத உலைகளோடு குழப்பக் கூடாது. அவை விநாடிக்குப் பல பத்து கன மீட்டர் நீரை எடுத்து, சூடாக்கி, ஏறக்குறைய முழுவதையும் திருப்பி விடுகின்றன. அங்கே தடை ஆற்றின் வெப்பநிலை. ஷோவில் ஆற்றின் அளவு. ‘வெயிலால் உலை நின்றது’ என்று இரண்டையும் ஒரே வரியில் அடைத்தால் செய்தி பிழையாகிவிடும். 2021 டிசம்பரில் ஷோ உலைகள் நின்றதையும் வறட்சிக் கணக்கில் சேர்க்க முடியாது. அப்போது சிக்கல் அவசரகால நீர்செலுத்துக் குழாய்களின் பற்றவைப்புகளை ஒட்டிய அரிப்பு விரிசல்கள்.

உலையை நிறுத்தினாலும் தண்ணீர்த் தேவை தீராது. மறுநாளும் எரிபொருளிலிருந்து சுமார் 20 மெகாவாட் வெப்பம் வந்துகொண்டிருக்கும். இளைத்த மியூஸும் அதைத் தாங்கும்.

அடுத்த முறை அந்தப் படம் வந்தால், ‘குளிர்விப்புக் கோபுரம்’ என்று மட்டும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்