தடுப்பூசிச் சோதனையும் பெற்றவர் சம்மதமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆரோக்கியமான குழந்தைகளிடம் தடுப்பூசியைச் சோதிப்பதே பாவம் என்று வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். குழந்தைகள் வார்டிலேயே செவிலியராகப் பணிக்காலத்தைக் கழித்தவள் நான். அவருடைய பதற்றம் புரிகிறது. முடிவை ஏற்க முடியவில்லை.

மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் முதுகில் நீர் எடுப்பார்கள். குழந்தையின் தலையும் முழங்காலும் ஒட்டும்படி மடக்கி, அசையாமல் பிடித்துக்கொள்வது எங்கள் வேலை. கழுத்து வளையாது, தொட்டாலே வீறிடும். ஊசி வழியே சொட்டும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். அது அரிசி கழுவிய தண்ணீராகக் கலங்கி விழுந்தால் அறையில் யாரும் பேச மாட்டோம். பிழைத்த பிள்ளைகளிலும் சிலருக்குக் காது கேட்காமல் போய்விடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாதபோதுதான் பெற்றவளுக்கே அது தெரியவரும்.

பெரியவர்களிடம் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மூளைக்காய்ச்சல் கிருமியின் மேலுறைச் சர்க்கரையைக் கொண்டு செய்த பழைய தடுப்பூசி பெரியவர்களைக் காத்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் சரியாகப் பலிக்கவில்லை. அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்தபோதுதான் குழந்தைகளுக்கும் பலன் கிடைத்தது. குழந்தைகளுக்குப் போட்டு, அவர்கள் ரத்தத்தைச் சோதிக்காமல் இதை எப்படி அறிந்திருக்க முடியும்?

1996-97இல் ஆப்பிரிக்காவில் இந்நோய் இரண்டரை லட்சம் பேரைத் தாக்கி, 25,000 உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு உலக சுகாதார நிறுவனமும் 'பாத்' என்ற சர்வதேசத் தொண்டு அமைப்பும் சேர்ந்து முயன்றதில், 'ஏ' வகைக் கிருமிக்கான மலிவான தடுப்பூசி நம் புனேயில் தயாரானது. 2005இல் இந்தியாவில் பெரியவர்களுக்குத்தான் முதலில் போட்டார்கள். அதன் பிறகே, 2006இல் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியிலும் காம்பியாவிலும் இரண்டு வயதுகூட நிரம்பாத சுமார் 600 குழந்தைகளிடம் சோதனை நடந்தது. ஒப்பீட்டுக்காக இருந்த பிள்ளைகளுக்கும் வெறும் நீரைப் போடவில்லை, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த வேறு தடுப்பூசிகளைப் போட்டார்கள். 2010 டிசம்பரில் அங்குள்ள புர்கினா பாசோ நாட்டில் தொடங்கி, கோடிக்கணக்கானவர்களுக்கு அந்த ஊசி போய்ச் சேர்ந்தது. 2017க்குப் பிறகு, இந்நோய் அதிகம் பரவிவந்த ஆப்பிரிக்க நாடுகளில் 'ஏ' வகை மூளைக்காய்ச்சல் கண்டறியப்படவே இல்லை. பெற்றவர்கள் நம்பித் தந்த அந்த 600 பிள்ளைகளை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

என் கோபமெல்லாம் வேறிடத்தில். அதே 'பாத்' அமைப்பு இன்றைய தெலங்கானாவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடி மாணவியருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டபோது, பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். 2010இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. சில மாணவியரின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பிருப்பதாக விசாரணையில் தெரியவில்லை. அதனால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? பெற்றவர் உயிரோடிருக்க, வார்டன் யார் கையெழுத்துப் போட?

படிவத்தைத் தாயிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவருக்கு, ஆராய்ச்சியில் சம்பந்தப்படாத ஒருவர் முன்னிலையில் படித்துச் சொல்லுங்கள். கணவரிடமும் மாமியாரிடமும் பேசிவிட்டு மறுநாள் வரட்டும். வேண்டாம் என்றால் பிள்ளைக்கு வழக்கமான சிகிச்சை ஒரு துளியும் குறையாது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் நாட்டில் மனிதர்களிடம் நடத்தும் மருந்து, தடுப்பூசிச் சோதனைகளைப் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். ஆனால் அந்தப் பதிவு ஆங்கிலத்தில் கிடக்கிறது. தமிழ்நாட்டில் குழந்தைகளிடம் எந்த ஊரில் என்ன சோதனை நடக்கிறது, குறை இருந்தால் சோதனையை அனுமதித்துக் கண்காணிக்கும் எந்த நெறிமுறைக் குழுவிடம் முறையிடுவது என்ற விவரங்களைத் தங்கள் பத்திரிகை மாதம் ஒருமுறையாவது தமிழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை