தங்கச்சிக்கு ரியூஷன் வேண்டுமா என்று கேட்டாய்

கிளிநொச்சி
மார்கழி 8

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பெறுபேறு வரட்டும், அதையும் சேர்த்து எழுதுவோம் என்றுதான் பேசாமல் இருந்தேன். வந்துவிட்டது. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே டொக்டராகப் பதிய எழுதும் ஈஆர்பிஎம் சோதனையில் மூன்றாவது தடவையில் பாஸ். அம்மா அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். சொன்னதும் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இனி ஆஸ்பத்திரியில் பயிற்சி டொக்டராக இன்டேர்ன் நியமனம் வர வேண்டும், அந்த ஒரு வருடத்தை முடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் முழுப் பதிவு. அது பரவாயில்லை. ஆறு வருடமாக முன்னால் நின்ற மதிலைத் தாண்டியாயிற்று.

இங்கே நல்ல மழை. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். காலபோகப் பயிர் இதுவரை பிழையில்லாமல் நிற்கிறது. அப்பாவின் முழங்கால் நோவு அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் வயலுக்குப் போகாமல் இருக்க மாட்டார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கச்சி ரஷ்யாவில் மருத்துவப் படிப்பை முடித்து வவுனியாவுக்கு வந்துவிட்டாள், இங்கே ஈஆர்பிஎம் எழுதுவதா, உன் பக்கம் இங்கிலாந்துக்கு வந்து அங்கே டொக்டராகப் பதிவதற்கான பிளாப் எழுதுவதா என்று யோசிக்கிறாள், எதுவானாலும் ரியூஷனுக்குக் காசு கொட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் எந்த மாதிரி ரியூஷன் என்பதில்தான் நான் இரண்டு தடவை விழுந்தேன். அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், அவளுக்கும் வாசிக்கக் கொடு.

முதல் தடவை நான் தனியாகவே படித்தேன். சீனாவில் ஆறு வருடம் படித்தவனுக்கு ஊர்ச் சோதனை என்ன பெரிய விஷயம் என்ற நினைப்பு. விழுந்தேன். இரண்டாவது தடவை கொழும்பில் ஒரு பெரிய வகுப்பில் சேர்ந்தேன். மண்டபம் நிறையப் பிள்ளைகள். படிப்பிக்கிறவர் கெட்டிக்காரர்தான், ஆனால் எட்டு மாதத்தில் என்னிடம் ஒரு கேள்விகூட அவர் கேட்டதில்லை. கட்டுக்கட்டாக ரியூட் என்று அச்சடித்த குறிப்புகள் தந்தார்கள். பழைய வினாக்களுக்கு விடை தந்தார்கள். நான் விடையைப் பாடமாக்கினேன். வினாவில் நோயாளியின் வயது மாறினால், ஒரு இரத்தப் பரிசோதனை மாறினால், என் விடையும் மாற வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. எழுத்தில் தட்டுத்தடுமாறி ஏறினேன், நோயாளியைப் பார்த்துச் செய்யும் கிளினிக்கலில் விழுந்தேன். அப்பா 2012இல் என்னை அனுப்ப விற்ற இரண்டு ஏக்கர் வயலைக் கடந்துதான் நான் வீட்டுக்கு வர வேண்டும். அந்த மாதம் முழுக்க வேறு வழியால் சுற்றி வந்தேன்.

அப்புறம்தான் ஒரு அக்காவைப் பிடித்தேன். அவரும் எங்களைப் போல வெளிநாட்டில் படித்து, இந்தச் சோதனையை எழுதி ஏறியவர். ஈஆர்பிஎம்மை எங்கள் மூத்தவர்கள் இன்னும் பழைய பெயரில் ‘ஆக்ட் 16’ என்றுதானே சொல்கிறார்கள், அவரும் அப்படித்தான் சொல்வார். மாங்குளம் பக்கம் வேலை. ஞாயிறு காலையில் அவருடைய குவாட்டர்ஸில் இரண்டு மணித்தியாலம், கிழமை நாளில் இரண்டு இரவு சூமில் ஒவ்வொரு மணித்தியாலம். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபா வாங்கினார். வாங்கியது எனக்கு நல்லதாகப் போயிற்று. காசு கொடுத்துவிட்டுப் பிந்திப் போக மனம் வராது. பகலில் நான் உயர்தர ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்து அந்தக் காசை எடுத்தேன்.

முதல் ஞாயிறே அக்கா கதிரையில் சாய்ந்துகொண்டு, “நான்தான் நோயாளி. வயது முப்பத்தைந்து. விடிய நாலு மணிக்கு வயிற்றுக்குத்து, இரண்டு தரம் சத்தி. கேள்” என்றார். நான் கேட்டேன். எங்கே குத்துகிறது, முதுகுக்குப் போகிறதா, குடிப்பீர்களா, முன்பு அல்சர் இருந்ததா. அடுக்கடுக்காகக் கேட்டு, அப்பெண்டிக்ஸ், கணைய அழற்சி என்று பட்டியல் போட்டு, எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனைகளும் சொன்னேன். அக்கா மெதுவாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். முடிந்ததும், “என் முகத்தைப் பார்த்தாயா?” என்றார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு கண் இமையும் பாதிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் அவர் இமையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருக்கிறார். “இரவு எங்கே படுத்தாய் என்றும் நீ கேட்கவில்லை. நான் வயல் காவல் கொட்டிலில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தேன்” என்றார்.

கட்டுவிரியன் பாம்பு, மச்சான். இரவில் வரும், நிலத்தில் படுத்திருப்பவனைக் கடிக்கும், பலருக்குக் கடித்ததே தெரியாது, கடிவாயும் கண்ணுக்குப் படாமல் போகலாம். விடியும்போது வயிற்று வலி, பிறகு இமை விழும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசையே நின்றுவிடும். நேரத்துக்கு மூச்சுக் குழாய் போட்டால் ஆள் பிழைப்பான். வன்னியில் பிறந்து பாயில் படுத்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் நான் படித்த மருத்துவம் ஒரு பக்கத்திலும் ஊரில் கண்டது இன்னொரு பக்கத்திலும் தனித்தனியாகக் கிடந்தன. அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுத் தந்தவர் அக்கா. அன்று திரும்பி வரும்போது முறிகண்டியில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினார்கள். நான் இறங்காமல் அந்த இமைகளையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

டெங்குவிலும் அப்படித்தான். நான் படித்தது குளிர் ஊரில். ஆறு வருடத்தில் ஒரு டெங்கு நோயாளியைக்கூடக் காணவில்லை. இங்கே அது இல்லாத வாட்டே இல்லை. காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அக்கா பேனையைக் கீழே வைத்துவிட்டார். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் குருதி நாளத்திலிருந்து நீர் கசியத் தொடங்கும், ஆபத்தான கட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது, 24 முதல் 48 மணித்தியாலம் வரை கண்ணை எடுக்கக் கூடாது என்றார். பிறகு 68 கிலோ ஆளுக்கு அந்த 48 மணித்தியாலத்துக்குக் கொடுக்க வேண்டிய நீரின் கணக்கைப் போடச் சொன்னார். நான் 68ஐ வைத்தே போட்டேன். பிழை. பெரியவர்களுக்கு எவ்வளவு நிறை இருந்தாலும் கணக்குக்கு 50 கிலோதான் உச்சம். அதற்கு வரும் 4,600 மில்லிலீற்றர் என்ற எண் அன்றைக்குப் பதிந்தது, இனிச் சாகும் வரை மறக்காது. அந்த ஆளுக்கு நான் எழுதிய அளவு ஏறியிருந்தால் நுரையீரலில் தண்ணீர் கட்டியிருக்கும். புத்தகத்தில் இதை நான் எத்தனையோ தடவை வாசித்துத்தான் இருந்தேன். ஒருவர் முன்னால் பிழைவிட்ட பிறகுதான் மனதில் நின்றது.

அக்கா ஒன்று சொல்வார்: திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரி இருக்கும், மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியுமா இல்லையா என்று தெரியும். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கிழமை கழித்து, திரும்ப வாசித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கே கூட நினைவிருந்தது. போனில் ஆங்கி என்ற செயலி இருக்கிறது. பிழைவிட்ட ஒவ்வொன்றையும் அதில் ஒரு அட்டையாகப் போட்டு வைத்தேன். பஸ்ஸில் அதுதான் என் வேலை.

இப்போது தங்கச்சிக்கு. எதற்கும் முன்னால் அவள் படித்த பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவச் சபையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று அவளே பார்க்கட்டும், யாரோ சொன்னதை நம்ப வேண்டாம். பிளாப் என்றால் உங்கள் ஊர் மருத்துவச் சபை ஏற்கிற பட்டமா என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலச் சோதனையில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7க்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் ஓஈடி என்ற இன்னொரு ஆங்கிலச் சோதனையில் ஒவ்வொன்றிலும் பி எடுக்க வேண்டும். பிளாப் முதல் பகுதி 180 வினா, மூன்று மணித்தியாலம், ஆக ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம். கொழும்பிலேயே எழுதலாம். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டருக்கு வந்தே ஆக வேண்டும், முதல் பகுதி பாஸாகி இரண்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். பதினாறு இடம், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம், நோயாளியாக நடிக்கிறவர்களுடன் கதைக்க வேண்டும்.

இரண்டையும் ஒன்றாகப் படிக்கத் தொடங்கவே வேண்டாம் என்று சொல். இங்கே பாம்பும் டெங்குவும் எலிக்காய்ச்சலும் கேட்பார்கள். அங்கே ஒரு கிழவியிடம் புற்றுநோய் என்று எப்படிச் சொல்வாய், அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று கேட்டாயா என்று பார்ப்பார்கள். என் அக்கா அதற்கு உதவ மாட்டார், அவரே சொல்லிவிட்டார். அதற்கு அங்கே வாட்டில் நின்று வேலை செய்கிறவர்தான் வேண்டும். இன்னொன்று, என்னோடு சீனாவில் படித்தவன் பிளாப் இரண்டும் பாஸ் பண்ணி ஒன்பது மாதமாக வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறான். உனக்கு அந்தப் பக்கம் கூடத் தெரியும், அவளுக்கு மறைக்காமல் சொல். என் மனதைக் கேட்டால், முதலில் ஈஆர்பிஎம். முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் ஒரு தமிழ் டொக்டருக்காக நோயாளிகள் எத்தனை மணித்தியாலம் காத்திருக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ரியூஷன் பிடிக்கும்போது ஒன்றை மட்டும் பார்க்கச் சொல். முதல் வகுப்பில் யார் கூடக் கதைக்கிறார்கள்? படிப்பிக்கிறவரே கதைத்தால் அடுத்த கிழமை போக வேண்டாம். அவள் கதைக்க, அவர் இடைமறித்து ஏன், பிறகு, வேறென்ன என்று கேட்டால் விடாமல் பிடித்துக்கொள்ளட்டும்.

இதை எழுதும்போது போரில் இடம்பெயர்ந்து நாங்கள் இருந்த செட்டிகுளம் முகாம் நினைவுக்கு வருகிறது. 2009, ஏ.எல். எடுக்கிற நேரம். இரண்டு பேருக்கும் ஒரே கொப்பி. நான் மனிதக் குருதிச் சுற்றோட்டத்தைச் சொல்ல, நீ கூடாரக் கயிற்றில் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, “விளங்கேல்ல, திரும்பச் சொல்லு” என்பாய். வேண்டுமென்றுதான் கேட்டாய் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தப் பாடத்தில் எனக்கு ஏ வந்தது.

அதனால் உன்னிடமும் ஒரு வேலை கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்கு ஓய்வுதானே? தங்கச்சிக்குப் போன் எடு. எட்டு நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டு நோயாளியாக நடி. என்ன வருத்தம் என்று முன்கூட்டிச் சொல்லாதே. வருத்தங்களை நான் எழுதி அனுப்புகிறேன், இந்தக் கடிதத்தோடு முதல் பத்து இருக்கிறது. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு மாங்குளத்துக்கும் வரலாம், அக்காவிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். வவுனியாவில் காலை ஆறு மணி பஸ் எடுத்தால் போதும்.

அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். தைக்கு வருகிறாய் என்றால் முன்கூட்டிச் சொல், புது அரிசி ஒரு மூட்டை எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்