மழைக்கு மறுநாள் மணற்பாறையில் ஏறாதீர்கள்

கோடையில் அமெரிக்காவின் தெற்கு யூட்டாவுக்குப் பாறை ஏற வரும் குழுக்களுக்கும், அவர்களைக் கூட்டி வரும் மூத்தவர்களுக்கும்,

வணக்கம். ஒரு ஜூலை மாதம் அங்குள்ள மோவாப் ஊரில், பாறையில் கைப்பிடித்து ஏறும் ஒரு விளிம்பை, அதாவது ஒரு பிடியை, நான் உடைத்துவிட்டேன். அதற்காகத்தான் இந்த மடல்.

கொலராடோ ஆற்றை ஒட்டிப் போகும் பொட்டாஷ் சாலையில், காரை விட்டு இறங்கிய இடத்திலேயே கயிற்றைக் கட்டி ஏறலாம். வால் ஸ்ட்ரீட் என்று ஏறுபவர்கள் சொல்லும் சுவர் அது. முந்தின நாள் சாயங்காலம் இடியோடு மழை. அரை மணி நேரம்கூடப் பெய்யவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தால் பாறை வெளுத்துக் கிடந்தது. கையால் தடவினேன், ஈரமே தெரியவில்லை. மூன்று நாள் லீவில் ஒரு நாள் ஏற்கெனவே போய்விட்டது. சரி, ஏறிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

நான்காவது போல்ட்டை (கயிற்றை மாட்டப் பாறையில் பதித்த ஆணி) தாண்டியதும் வலது கைக்கு ஒரு விளிம்பு, நான்கு விரலும் உட்காரும் அளவுக்கு. எடையைக் கொடுத்தேன். பெரிய சத்தம்கூட இல்லாமல் கையோடு வந்துவிட்டது. கயிறு என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தத் துண்டு, கீழே கயிறு பிடித்திருந்த நண்பனின் தோளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

இறங்கி வந்து அதை எடுத்துப் பார்த்தோம். உள்ளங்கை அகலம். வெளிப்பக்கம் காய்ந்து வெளிறியிருந்தது, உடைந்த பக்கம் ஈரச் செங்கல் போலக் கறுத்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தால் மணலாக உதிர்ந்தது. எத்தனையோ பேர் பிடித்து ஏறிய விளிம்பு, என் அவசரத்தால் இனி யாருக்கும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

அங்கே இருப்பது நவாஹோ மணற்பாறை. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடுகள்தான் இறுகிப் பாறையாயின. சுவரில் சாய்வாக ஓடும் கோடுகள் அந்த மேடுகளின் சரிவுகள். மணலை மணலோடு ஒட்டவைத்திருப்பது சுண்ணாம்பும் களிமண்ணும் போன்ற பசைதான். நீர் உள்ளே இறங்கியதும் அந்தப் பிடிப்பு தளர்ந்துவிடும். மேல்தோல் வெயிலில் சட்டென்று காய்ந்துவிடும், உள்ளே அப்படியில்லை. பிடி மட்டும் உடைவதில்லை. விழுந்தால் கயிற்றைத் தாங்க விரிசலில் வைத்த கேம் என்ற கருவி பிய்த்துக்கொண்டு வரலாம், போல்ட்டும் தளரலாம்.

கோடையில் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவதால் எல்லோரும் நிழல் பக்கத்துச் சுவரைத் தேடிப் போகிறோம். கடைசியாகக் காய்வது அந்தப் பக்கம்தான். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் இடிமழை வரும் காலமும் அதுவே. அதனால் மழை நின்றபின் 24 மணி நேரம் காத்திருப்பது என்பது குறைந்தபட்சக் கணக்கு. நல்ல மழைக்கும் நிழல் சுவருக்கும் 72 மணி நேரம்வரை விடுங்கள். அடிவாரத்து மணலை நாலு விரல் ஆழம் தோண்டிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் பாறைக்குள்ளும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோண்டுவது வெறும் மணலாக இருக்கட்டும். கறுப்பாகப் பொருக்குத் தட்டிய மண்ணில் கால்கூட வைக்காதீர்கள், அது நுண்ணுயிர்கள் வாழும், உயிருள்ள மண். மிதித்தால் தேறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

அப்புறம், ஏற முடியாத நாளை ஒடுங்கிய பள்ளத்தாக்குகளில் கழிக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும், எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். 2015 செப்டம்பர் 14 அன்று சையன் தேசியப் பூங்காவின் கீஹோல் பள்ளத்தாக்கில் ஏழு பேர் திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். அதற்குப் பதில் ஆர்ச்சஸ் பூங்காவில் டெலிகேட் ஆர்ச் வரை நடக்கலாம்: போக வர மூன்று மைல், திறந்த பாறைமேல் பாதை, பெரும்பாலும் நிழல் கிடையாது, அதனால் விடியும் முன்பே கிளம்ப வேண்டும். பொட்டாஷ் சாலையிலேயே பழங்குடியினர் பாறையில் செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன. தொடாமல் நின்று பாருங்கள். நாங்கள் அந்தக் காலை அதைச் செய்திருக்கலாம்.

மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து நாள் பயணம் என்றால் மூன்று நாளுக்கு மட்டும் ஏறுவழிகளைக் குறியுங்கள், இரண்டு நாளை மழைக்கென்று விட்டுவையுங்கள். இதைக் கிளம்பும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். சுவருக்கு முன்னால் கயிற்றோடு நிற்பவனிடம் அப்போது சொன்னால் காதில் ஏறாது. எனக்கு ஏறவில்லை.

அன்புடன்,
உங்களோடு ஏறும் ஒருவன்