ஒப்பந்தத்தை முன்கூட்டியே காட்டுக

ஐயா,

இலண்டன் எலிஃபண்ட் அண்ட் காசில் வணிக வளாகத்தை இடித்து 979 வீடுகள் கட்டும் திட்டத்தில் சமூக வாடகைக்கு, அதாவது வருமானம் குறைந்தோருக்கான குறைந்த வாடகைக்கு, ஒதுக்கப்பட்டவை 116 மட்டுமே. அதுவும் எதிர்ப்புக்குப் பின் உயர்த்தப்பட்ட எண்ணிக்கை. இன்னும் கூடுதலாகப் பெற்றிருக்கலாம் என்று அப்பகுதியினர் தரப்பில் தொடுக்கப்பட்ட வழக்கை உயர் நீதிமன்றம் 2019இலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இலும் தள்ளுபடி செய்தன. இத்தகைய வழக்குகளில் நீதிபதிகள் ஆராய்வது முடிவெடுத்த முறை சட்டப்படி அமைந்ததா என்பதைத்தான். ஒதுக்கீடு போதுமா என்பதை அன்று. திட்ட அனுமதி வழங்கப்பட்ட ஆறு வாரங்களுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி வேறு. ஆகவே, 1990ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி இத்தகைய ஒதுக்கீட்டை உறுதிசெய்யக் கட்டுமான நிறுவனமும் உள்ளாட்சி மன்றமும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் வாசகத்தையும், அதற்கு அடிப்படையான இலாபக் கணக்கையும், அனுமதி குறித்து மன்றத்தின் திட்டக் குழு வாக்களிப்பதற்கு முன்பே அக்குழு உறுப்பினர்களின் கையில் முழுமையாகத் தர வேண்டும்.

– வாசகர், இலண்டன்