பந்தல் பிரித்தாயிற்று, நன்றி சொல்வதுதான் பாக்கி

குளித்தலை ஊர் மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பேருந்து நிலையத்துப் பக்கம் நம் தெருக்காரர்கள் போட்டிருந்த நீர்மோர்ப் பந்தலை நேற்றுச் சாயங்காலம் பிரித்துவிட்டோம். கீற்றைக் கழற்றும்போது ஒரு மூலையில் அணில் கூடு கட்டிக் குட்டி போட்டிருந்தது தெரிந்தது. அதனால் அந்த மூலையில் மட்டும் இரண்டு கீற்று இன்னும் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பந்தல் இருக்கிறது என்று யாரும் சொம்போடு வர வேண்டாம்.

ஏப்ரல் முதல் வாரத்தில் போட்டது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஓடியிருக்கிறது. பள்ளிக்கூடமும் திறக்கப் போகிறது. அதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பந்தலில் பேர் எழுதிய பலகை எதுவும் வைக்கவில்லை. அதனாலேயே யார் யார் என்ன செய்தார்கள் என்பது பலருக்குத் தெரியாமல் போயிற்று. பேர் போடக் கூடாது என்று அவர்களே சொல்லிவிட்டதால் இங்கேயும் பேர் இல்லை. ஆளைச் சொன்னால் உங்களுக்கே தெரியும்.

கத்திரி வெயில் சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை என்பது பஞ்சாங்கக் கணக்கு. வானிலை ஆய்வு மையம் கத்திரியைக் கண்டுகொள்வதில்லை. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் அவர்களுக்கு அது வெப்ப அலை. நமக்கு இரண்டு கணக்குமே தேவைப்படுவதில்லை. சாயங்காலச் செய்தியில் வெயில் கொளுத்திய ஊர்களில் கரூர் பரமத்தி பேர் வருகிறதா என்று பார்த்தால் போதும். இந்த வருஷமும் சளைக்காமல் வந்தது.

முதல் நன்றி சந்தையில் தயிர் விற்கும் அக்காவுக்கு. காலை ஆறு மணிக்குத் தயிரோடு வந்து நின்றுவிடுவார். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை, துளிப் பெருங்காயம் எல்லாம் அம்மியில் தட்டி ஒரு துணியில் முடிந்து அண்டாவுக்குள் போடுவார். தண்ணீரை எவ்வளவு கூட்டினாலும் ஒன்றும் சொல்ல மாட்டார், உப்பைக் குறைத்தால் மட்டும் கோபம் வந்துவிடும். "வேர்வையில போறது வெறும் தண்ணியா?" என்பார். டாக்டர்கள் சொல்வதும் அதேதான்.

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரத்தில் மோரில் போட ஐஸ் பார் வாங்கி வந்தது நான்தான். சாக்குப் பையில் சுற்றி, வண்டியின் முன்னால் வைத்துக் கொண்டுவந்து, பெருமையாக உடைக்க உட்கார்ந்தேன். அக்கா ஒரு சில்லை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது மீனுக்குப் போடுற ஐஸு. இதைக் குடிக்கக் குடுத்தா நாளைக்கு ஊரே சொம்பு தூக்கிட்டு ஓடும்" என்றார். நல்ல தண்ணீரில் உறைய வைத்த ஐஸா, வேறு எதற்கோ செய்ததா என்று கேட்டுக்கூட நான் வாங்கவில்லை. ஏற்கெனவே ஒரு கட்டி அண்டாவில் விழுந்துவிட்டது. அண்டா மோரும் சாக்கடைக்குப் போயிற்று. அன்று வெறுங்கையோடு திரும்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கரும்புச்சாறு, சர்பத் குடிக்கும் இடங்களில் நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அதற்குப் பிறகுதான் பானைக்கு மாறினோம். ஆறு பானைகளையும் இலவசமாகவே கொடுத்த பானைக்கார ஐயாவுக்கு அடுத்த நன்றி. அதிலும் ஒரு கூத்து நடந்தது. பந்தல் அழகாக இருக்கட்டும் என்று பையன்கள் ஒரு பானைக்குச் சுற்றிலும் பெயின்ட் அடித்துப் பூ வரைந்துவிட்டார்கள். மற்ற ஐந்தில் தண்ணீர் சில்லென்று இருக்க, அதில் மட்டும் வெதுவெதுவென்றே கிடந்தது. ஐயா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். மண்ணின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து காற்றில் ஆவியாகும்போதுதான் பானை குளிரும், பெயின்ட் அடித்தால் அந்தத் துளை அடைபட்டுவிடும் என்றார். கீழே ஈர மணல், மேலே நனைத்த சாக்கு, பானையைச் சுற்றிக் காற்றோட்டம், இவ்வளவுதான் அவர் வைத்தியம். பூப் பானையில் இப்போது துளசி வைத்திருக்கிறோம்.

மே மாதம் நடுவில் ஒரு மதியம், ஒரு மணி இருக்கும். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த கட்டட வேலையிலிருந்து ஒரு சித்தாள் அம்மா பந்தலை நோக்கி நடந்து வந்தார். நடை சரியில்லை. "மோர் வேணுமா?" என்று கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் என்னவோ பதில் சொன்னார். அடுத்த நிமிஷம் சரிந்து விழுந்தார். உடம்பு கொதித்தது. நாங்கள் விழித்துக்கொண்டு நிற்க, ஸ்டாண்டில் இருந்த ஆட்டோ அண்ணன் ஓடிவந்து அவரைத் தூக்கி ஜெராக்ஸ் கடைக்குள் கொண்டுபோனார். கடைக்காரர் வாடிக்கையாளர்களை வெளியே அனுப்பிவிட்டு மின்விசிறியை நேராகத் திருப்பினார். பானைத் தண்ணீரும் எங்கள் துண்டுகளும் அன்று உதவின. ஒருவர் பதற்றத்தில் மோரை வாயில் ஊற்றப் போனார், இன்னொருவர் காய்ச்சல் மாத்திரை தேடினார். மருந்துக்கடைத் தங்கைதான் இரண்டையும் தடுத்தார். நினைவு தடுமாறியவருக்கு வாயில் எதை ஊற்றினாலும் புரையேறி மூச்சுக்குழாய்க்குப் போகும். வெயில் தாக்கி ஏறும் சூட்டுக்குக் காய்ச்சல் மாத்திரை கேட்காது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணி வைத்து விசிறிக்கொண்டே இருங்கள் என்றார். 108 வந்து அழைத்துப் போயிற்று.

ஒன்பது நாள் கழித்து அந்த அம்மா பந்தலுக்கு வந்தார். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்து, "எவ்ளோங்க?" என்று கேட்டார். ஜெராக்ஸ் கடை அண்ணன் உள்ளே போய்விட்டார், கண்ணைத் துடைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

வேலை கொடுப்பவர்களுக்கு ஒன்று. மதியம் 12 முதல் 3 வரை ஆட்களை வெயிலில் நிறுத்தாதீர்கள். காலையில் சீக்கிரம் ஆரம்பித்துக்கொண்டால் வேலை ஒன்றும் குறைந்துவிடாது. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரிலேயே மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. நாம்தான் இன்னும் "வெயில்தானே" என்கிறோம். வீட்டில் ஓ.ஆர்.எஸ் பொட்டலம் இரண்டு வைத்திருங்கள். இல்லாவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டிப் போட்டால் போதும். உப்பை அதிகமாக்கிவிடாதீர்கள், அன்றே குடித்து முடித்துவிடுங்கள்.

இனி காவிரி ஆற்றைப் பற்றி. இந்த மடலே உண்மையில் அதற்காகத்தான்.

2023 பிப்ரவரியில் மாயனூரில் நடந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். விளையாட்டுப் போட்டிக்குப் போய்விட்டு ஆற்றில் இறங்கிய நான்கு பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பவில்லை. அது கோடைகூட இல்லை. கோடையில் காவிரி இன்னும் ஏமாற்றும். அகண்ட மணல், நடுவே கணுக்கால் தண்ணீர், பார்த்தால் பச்சைப் பிள்ளை நடக்கலாம் போலிருக்கும். மணல் எடுத்த பள்ளமும் பழைய மடுவும் அதே தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கின்றன. ஒரு காலடி முழங்கால் ஆழம் என்றால் அடுத்த காலடி இரண்டு ஆள் ஆழம்.

கரையில் மாடு மேய்க்கும் பெரியவரை எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் கடைசியில் அவர் ஒரு மூங்கில் கழியோடு நான்கு நாள் ஆற்றுக்குள் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கழியை ஊன்றிப் பார்ப்பார். கழி சட்டென்று உள்ளே போகிற இடத்தில் நின்று, ஓர் அடி பின்வாங்கி, ஒரு சவுக்குக் குச்சியை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டுவார். துணி கொடுத்தது தையல்கடைக்காரம்மா. பாவாடைத் துண்டு, ரவிக்கைத் துண்டு, மில்லுத் துணி என்று சிவப்பாக மிஞ்சியதையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். மொத்தம் முப்பத்தொரு குச்சி. தூரத்தில் நின்று பார்த்தால் ஆற்றில் யாரோ திருவிழாவுக்குத் தோரணம் கட்டியது போலிருந்தது. அப்புறம் தினமும் மாலை ஒரு விசிலோடு கரையில் உட்கார்ந்துகொள்வார். சிவப்பைத் தாண்டினால் விசில். அதற்கும் கேட்காவிட்டால் அப்பன் பேர், பாட்டன் பேரெல்லாம் சொல்லித் திட்டுவார். பையன்கள் விசிலைவிடத் திட்டுக்குத்தான் பயந்தார்கள். எனக்குத் தெரிந்து இந்தக் கோடையில் நம் துறையில் ஒரு பிள்ளையும் போகவில்லை. ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வேட்டி வாங்கி வந்தால் திட்டுவீர்கள் என்பதால் உங்கள் மாட்டுக்கு இரண்டு மூட்டை தவிடு இறக்கியிருக்கிறோம்.

தீயணைப்பு நிலையத்து அண்ணன்மார்களுக்கும் நன்றி. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக அந்த வாரத்தை வருஷாவருஷம் அனுசரிக்கிறார்கள். அதை ஒட்டி நம் தெருவுக்கும் வந்தார்கள். மூடியை இறுக்கிய காலித் தண்ணீர் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி எறிந்து காட்டினார்கள். முழுகுகிறவருக்கு அதைப் பிடித்துக்கொண்டாலே மூக்கும் வாயும் மேலே நிற்கும். நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் குதிக்காதீர்கள், முழுகுகிறவர் கழுத்தைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். கேன், வேட்டி, சேலை, மூங்கில், எது கைக்குக் கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள். இன்னொன்று, முழுகியவரைக் கரைக்குக் கொண்டுவந்ததும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் பக்கத்துப் பழக்கம். அதைச் செய்யாதீர்கள் என்று கையைக் கூப்பிக் கேட்டார்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவதும் நெஞ்சை அழுத்துவதும்தான் முதல் வேலை. நானும் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பார்த்தேன். இரண்டு நிமிஷத்துக்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது.

அவர்களே மே மாதத்தில் கோரைக் கட்டுகள் எரிந்த இரவும் வந்தார்கள். காய்ந்த கோரை என்றால் சொல்லவே வேண்டாம். யாரோ குடித்துப் போட்ட பீடிதான் காரணம் என்று பேச்சு. தண்ணீர் வண்டி வருவதற்குள் பக்கத்துக் கொடிக்காலிலிருந்து மோட்டாரை ஓடவிட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு வந்த விவசாயி இல்லாவிட்டால் மூன்று கூரை வீடு போயிருக்கும். வெற்றிலைக்கு வைத்திருந்த தண்ணீரை அன்று அவர் தீக்குக் கொடுத்தார்.

கோடை மழைக் காற்றில் வாழை சாய்ந்து கம்பி அறுந்த ராத்திரி மின்வாரிய ஊழியர்கள் விடியும்வரை கம்பத்தில் இருந்தார்கள். டீ கொடுத்த வீட்டாருக்கும் சேர்த்து நன்றி. அறுந்த கம்பியை யாரும் தொடாமல் இரண்டு பக்கமும் சைக்கிளைக் குறுக்கே போட்டு நின்ற எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தனி நன்றி. மின்வாரியத்துக்குப் புகார் சொல்லும் மின்னகம் எண் 94987 94987. அதைச் சுவரில் எழுதிவைத்ததும் அவன்தான். விடியற்காலை நான்கு மணிக்கே பந்தலைச் சுற்றிக் கிடந்த காகித டம்ளர்களைப் பெருக்கிய தூய்மைப் பணியாளர் அக்காக்களுக்கு நன்றியோடு ஒரு வெட்கமும் உண்டு. அடுத்த வருஷம் காகித டம்ளர் கிடையாது, எவர்சில்வர்தான். கழுவ ஆள் பிடித்துவிட்டேன், எனக்குத்தான் அந்த வேலை.

வெயில் குறைந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மேட்டூரில் போதிய தண்ணீர் இருந்தால் ஜூன் 12 திறப்பது வழக்கம். திறந்தால் இரண்டு மூன்று நாளில் நமக்கு வந்துவிடும். அப்போது பெரியவர் நட்ட குச்சிகள் எல்லாம் தண்ணீரோடு போய்விடும், பள்ளம் மட்டும் அங்கேயேதான் இருக்கும். ஆடிப் பதினெட்டுக்குக் கடம்பன் துறையில் கூட்டம் கூடும்போது பிள்ளைகளின் கையை விடாதீர்கள். காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர் என்று ஒரே நாளில் மூன்று கோயிலையும் பார்க்கக் கிளம்புகிறவர்கள், சொக்கர் இருக்கும் அய்யர்மலையின் 1017 படியை உச்சி வெயிலில் ஏறுவதாக இருந்தால் தண்ணீர் பாட்டிலும் தலைக்கு ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சொக்கர் கோபிக்க மாட்டார்.

கணக்கைப் பந்தல் கால் ஒன்றில் ஒட்டியிருந்தோம். மிச்சம் 640 ரூபாய். அதில் பெரியவருக்குப் புது விசில் வாங்கலாம் என்று பையன்கள் சொல்கிறார்கள், பழையதில் பட்டாணி தேய்ந்துவிட்டதாம்.

கடைசியாக, பந்தலுக்கு இரவல் வந்த சாமான்களில் ஓர் அண்டா மூடி, இரண்டு கரண்டி, "செ" என்று பேர் வெட்டிய ஒரு பித்தளைச் சொம்பு ஆகியவை என் வீட்டில் இருக்கின்றன. யாருடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து வாங்கிக்கொள்ளவும். மோர் கேட்காதீர்கள், தயிர் அக்கா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
பந்தலுக்குத் தண்ணீர் தூக்கியவர்களில் ஒருவன்